உங்கள் வடிகால் எங்கே போய் முடிகிறது?

கேள்வி: எங்கள் குடியிருப்பு உருவாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மொத்தம் 10 ஏக்கர், சுமார் 100 மனைகள். முன்பு வயலாக இருந்த இடம். இதுவரை 60 வீடுகள் எழும்பிவிட்டன. எங்கள் வீடு கிழக்கு மூலையில், கொஞ்சம் தாழ்வான இடத்தில் இருக்கிறது. முதல் சில ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. கடந்த இரண்டு மழைக்காலங்களில் வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சங்கக் கூட்டத்தில் சிலர் இப்போதுள்ள வடிகாலை இடித்துவிட்டு இரு மடங்கு பெரிதாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள். சிலர் சாலையை உயர்த்தச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வைத்தாலே போதும் என்பது இன்னொரு தரப்பு. எனக்கோ, என் மனையை ஒன்றரை அடி மண் கொட்டி உயர்த்திவிடலாமா என்றிருக்கிறது. எது சரி?

பதில்:

நான்கு யோசனைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கையும் சொன்னவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். நீங்களும் கடிதத்தில் எழுதவில்லை. உங்கள் வடிகால் எங்கே போய் முடிகிறது? ஏரியிலா, ஓடையிலா, பக்கத்துச் சாலையின் வடிகாலிலா, அல்லது கடைசி மனையின் மதிலோடு நின்றுவிடுகிறதா? இது தெரியாமல் அகலம், ஆழம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

அதற்குப் போகும் முன், முதல் சில ஆண்டுகள் ஏன் தண்ணீர் வரவில்லை என்று பார்த்துவிடலாம். பலர் மழை கூடிவிட்டது என்பார்கள். அதுவும் இருக்கலாம். ஆனால் உங்கள் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் காரணம் ஒன்று இருக்கிறது. அப்போது முக்கால்வாசி மனைகள் காலியாகக் கிடந்தன. அவை மழையைக் குடித்துக்கொண்டிருந்தன, வரப்பும் பள்ளமுமாகத் தேக்கியும் வைத்திருந்தன.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 10 ஏக்கர் என்பது ஏறக்குறைய 40,000 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் உங்கள் குடியிருப்பின் தலையில் விழுவது 20 லட்சம் லிட்டர். வயலாக இருந்தபோது அதில் கால் பங்கு ஓடியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 5 லட்சம் லிட்டர். கூரை, தார்ச்சாலை, சிமென்ட் பூசிய முற்றம் எல்லாம் நிறைந்த பிறகு முக்கால் பங்கு ஓடும்: 15 லட்சம் லிட்டர். மழை அதேதான், ஓடும் தண்ணீர் மட்டும் மூன்று மடங்கு. போதாததற்கு, வயலில் தயங்கித் தயங்கி நகர்ந்த தண்ணீர் இப்போது கூரையிலிருந்து சாலைக்கு நொடிகளில் வந்துவிடுகிறது. எல்லா வீட்டுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் உங்கள் மூலைக்கு வந்து சேருகிறது.

இன்னும் 40 மனைகள் பாக்கி இருக்கின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். இப்போது காணும் வெள்ளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு ஏதாவது கட்டினால், அந்த 40 வீடுகள் எழும்பும்போது மறுபடியும் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். குடியிருப்பு முழுவதும் நிரம்பிவிட்டதாக வைத்துத்தான் எதையும் திட்டமிட வேண்டும்.

மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, பெய்த மழையில் எவ்வளவு பங்கு உறிஞ்சப்படாமல் ஓடும் என்ற விகிதம், இந்த மூன்றையும் பெருக்கி ஓட்டத்தைக் கணிக்கும் முறை ஒன்றும் புதிதில்லை. அயர்லாந்துப் பொறியாளர் மல்வனி 1850களின் தொடக்கத்திலேயே இதன் அடிப்படையை எழுதிவிட்டார். 1889-இல் குய்ச்லிங் அமெரிக்காவில் கழிவுநீர், மழைநீர்க் குழாய்களுக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். சிறிய குடியிருப்புகளுக்கு இன்றும் முதல் கணக்கு இதுதான். இந்த முறைப்படி, மணிக்கு 50 மி.மீ. மழைக்கு உங்கள் 10 ஏக்கரிலிருந்து வயல் காலத்தில் விநாடிக்குச் சுமார் 140 லிட்டர் வெளியேறியிருக்கும். முழுதும் கட்டி முடித்த பிறகு சுமார் 420 லிட்டர். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது பெரிய வடிகால் யோசனை. ஒரு வடிகால் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுபோகும் என்பதை அளவும் சரிவும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. 300 மி.மீ. கான்கிரீட் குழாயை 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவில் பதித்தால் விநாடிக்கு ஏறக்குறைய 97 லிட்டர் போகும். விட்டத்தை 600 மி.மீ. ஆக்கினால் ஆறு மடங்குக்கு மேல் போகும். ஆகா, பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் வயல்வெளி தட்டையான நிலம். 100-க்கு 1 சரிவு உங்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது? 400-க்கு 1 கிடைத்தாலே பெரிது. சரிவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகிவிடும். அந்த 600 மி.மீ. குழாய் அப்போது 300 லிட்டர் அளவுக்குத்தான் கொண்டுபோகும். உங்களுக்குத் தேவை 420.

சரி, இன்னும் பெரிதாகவே கட்டுகிறீர்கள், 420-ம் போய்விடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போகிறது? கீழே இருப்பவரின் வாசலுக்கு. வயல் காலத்தில் அவர்களுக்கு 140 வந்துகொண்டிருந்தது, இனி 420 வரும். வழியில் சாலைக்கு அடியில் தண்ணீர் கடந்துபோக ஒரு கல்வெர்ட் (சிறுபாலம்) இருந்தால், அது பழைய 140-க்காகக் கட்டியதாக இருக்கும். அங்கே தடுக்கப்பட்டு, தண்ணீர் பின்வாங்கி, மறுபடி உங்கள் மூலைக்கே வரும். கட்டுமானத்துக்குப் பிறகு வெளியேறும் உச்ச ஓட்டம், முன்பு இருந்ததைத் தாண்டக்கூடாது என்று பல நாடுகளில் விதியே வைத்திருப்பது இதனால்தான்.

நான் ஒருமுறை பார்க்கப் போன குடியிருப்பில் வடிகால் வேலை அருமையாக இருந்தது. பூச்சு வழவழவென்று, மூடியெல்லாம் ஒரே சீராக. தண்ணீர் மட்டும் நகரவில்லை. மட்டம் வைத்துப் பார்த்தால், வடிகால் போய்ச் சேரும் குளத்தின் மழைக்கால நீர்மட்டம் வடிகாலின் தரையைவிட இரண்டடி உயரம். கோடையில் வந்து அளந்திருக்கிறார்கள்! குளம் நிறையும்போது தண்ணீர் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. ஒருவழிக் கதவு போட்டால் குளத்து நீர் வராது, உண்மைதான். ஆனால் கதவு மூடியிருக்கும் நேரத்தில் குடியிருப்புக்குள் பெய்யும் மழைக்கும் வழி இல்லாமல் போகும். அது கதவு திறக்கும்வரை காத்திருக்க உள்ளே ஓர் இடம் வேண்டும், அல்லது பம்ப் வேண்டும். உங்கள் வடிகால் முடியும் இடத்தை மழை உச்சத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அங்கே நீர்மட்டம் எவ்வளவு என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

அப்படியே இன்னொன்றையும் கவனியுங்கள். வடிகாலின் மேல்மூடி சாலையைவிட உயர்ந்திருக்கிறதா? பக்கவாட்டில் தண்ணீர் நுழைய வாய் விட்டிருக்கிறார்களா? சிரிக்காதீர்கள். மழையில் சாலை ஆறாக ஓடும், ஓர் அடி தள்ளி வடிகால் காலியாகக் கிடக்கும். தண்ணீர் உள்ளே இறங்க வழி இருக்காது. இதைச் சரிசெய்ய ஒரு நாள் வேலை போதும். அதே போல, உங்கள் இடத்தில் இப்போதும் வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சாலையோரம் கொட்டிய மணலும் ஜல்லித்தூளும் முதல் மழையிலேயே வடிகாலுக்குள் போய்ப் படிந்துவிடும். சரிவு குறைந்த வடிகாலில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் வண்டல் அடித்துச் செல்லப்படாமல் தங்கிவிடும். இரு மடங்கு அகல வடிகாலில் சாதாரண மழை அன்று தண்ணீர் மெலிதாகப் பரவி ஊர்ந்து போகும், வண்டல் இன்னும் வேகமாகப் படியும். இப்போதுள்ள வடிகாலை முழுதாகத் தூர்வாரிவிட்டுத்தான் அது போதுமா போதாதா என்று பேச வேண்டும். யாராவது கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

அடுத்தது சாலையை உயர்த்துவது. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். குடியிருப்பில் பெருமழைக்கு இருக்கும் கடைசிப் பாதை சாலைதான். எந்த வடிகாலையும் எல்லா மழைக்கும் போதுமானதாகக் கட்ட முடியாது. சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்குக் கட்டினாலும், அடுத்த 10 ஆண்டுகளில் அதைத் தாண்டும் மழை ஒருமுறையாவது வர 65 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 100 ஆண்டு மழை என்பார்களே, அதுவும் ஒரு 30 ஆண்டுக் காலத்துக்குள் வந்துவிட 26 சதவீத வாய்ப்பு உண்டு. ஆக, வடிகால் நிரம்பி வழியும் நாள் வந்தே தீரும். அன்றைக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை நாம் முடிவு செய்கிறோமா, தண்ணீரே முடிவு செய்துகொள்கிறதா என்பதுதான் கேள்வி. சாலை வீடுகளைவிடத் தாழ்ந்து, ஒரே சீராகச் சரிந்து, கடைசியில் திறந்த வெளியிலோ ஓடையிலோ முடிந்தால், அன்று சாலை சில மணி நேரம் ஓடையாக இருந்துவிட்டுப் போகும். சாலையை உயர்த்தினால் ஒவ்வொரு வீடும் தொட்டியாகிவிடும். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் தார் போட்டே ஒரு தலைமுறைக்குள் வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிய குடியிருப்புகள் எத்தனையோ. மறுபடி தார் போடும்போது பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்து, பழைய மட்டத்திலேயே போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

2011 ஜூலை 2-ஆம் தேதி டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சில மணி நேரத்துக்குள் 130 மி.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. நல்ல வடிகால் வசதி உள்ள நகரம், இருந்தும் மூழ்கியது. அடுத்த ஆண்டே அவர்கள் போட்ட திட்டத்தில் குழாய்களைப் பெரிதாக்குவதோடு நிறுத்தவில்லை. சில சாலைகளைத் தண்ணீர் ஓடும் பாதையாகவும், பூங்காக்களைத் தண்ணீர் தங்கும் இடமாகவும் மாற்றினார்கள்.

பூங்கா என்றதும் உங்கள் குடியிருப்புக்கு வருகிறேன். மனைப்பிரிவில் பூங்காவுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ பொது இடம் ஒதுக்கியிருப்பார்களே, அது எந்தப் பக்கம் இருக்கிறது? பல இடங்களில் விற்காத மூலையைப் பூங்கா என்று எழுதிவிடுவார்கள். அது மேட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் இல்லை. தாழ்வான பக்கம் இருந்தால் உங்கள் பிரச்சினையில் பெரும்பங்கை அதுவே தீர்க்கும்.

எப்படி? வயல் காலத்து 5 லட்சத்துக்கும் முழுதும் கட்டி முடித்த பிறகு ஓடும் 15 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 லட்சம் லிட்டர், அதாவது 1,000 கன மீட்டர். அரை ஏக்கர் திடலை அரை மீட்டர் தாழ்த்தினால் ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் அதில் நிற்கும். வடிகாலைத் திடலுக்குள் திருப்பி, திடலிலிருந்து வெளியே போக ஓர் அடி விட்டமுள்ள ஒரே ஒரு வாய் மட்டும் வையுங்கள். திடல் நிரம்பி அரை மீட்டர் நிற்கும்போது அந்த வாய் வழியே விநாடிக்கு நூறு லிட்டரைக் கொஞ்சம் தாண்டித்தான் போகும். பழைய 140-ஐ ஒட்டிய அளவு. கீழே இருப்பவருக்கும் தொல்லை இல்லை, பழைய கல்வெர்ட்டும் தாங்கும். மழை விட்ட சில மணி நேரத்தில் திடல் வடிந்துவிடும், கொசு முட்டையிட்டுப் பெருக நேரமே கிடைக்காது. எப்படியும் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது என்பதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கரைகளைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். ஓர் அடி இறங்க நான்கு அடி நடக்கும்படி சாய்வாக இருந்தால் குழந்தைகள் தவறி விழமாட்டார்கள், மற்ற நாட்களில் உட்காரவும் வசதி. அந்த ஓர் அடி வாயில் குப்பை அடைக்காமல் கம்பி வலை வேண்டும். திடலும் நிரம்பிவிட்டால் தண்ணீர் பாதுகாப்பாக வழிந்துபோக ஒரு பக்கம் தாழ்வான, கல் பதித்த வழிந்தோடி வேண்டும். இதை மறந்துவிட்டுக் கரை உடைந்த இடங்கள் உண்டு.

திடலைத் தாழ்த்துவதா, பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்று சங்கத்தில் கேட்பார்கள். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 2013-இல் திறந்த பென்தெம்பிளைன் சதுக்கத்தைச் சொல்லுங்கள். வெயில் நாளில் அதன் ஒரு பள்ளம் கூடைப்பந்துத் திடல், சுற்றிலும் படிகளில் ஆட்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். மழை நாளில் சதுக்கத்தின் பள்ளங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 17 லட்சம் லிட்டரைத் தாங்கும். பெருமழை அன்று யாரும் விளையாடப் போவதில்லை.

நான் மேலே போட்ட கணக்கு ஒரே ஒரு மணி நேர மழைக்கானது. உங்கள் பகுதியில் 10 நிமிடம், ஒரு மணி, ஆறு மணி என்று எவ்வளவு மழை பெய்கிறது என்ற பதிவை வானிலைத் துறையிடம் வாங்கி, ஒரு நீரியல் பொறியாளரிடம் கொடுத்து முழுக்கணக்குப் போடுங்கள். கான்கிரீட்டுக்குச் செலவழிப்பதில் சிறு துளிதான் அந்தக் கட்டணம்.

வீட்டுக்கு வீடு தொட்டி யோசனைக்கு வருவோம். நல்ல யோசனை, ஆனால் அதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சேமிப்புக்கான தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்துக்கான தொட்டி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தாலே 2,000 லிட்டர் தொட்டி நிரம்பிவிடும். முதல் நாள் மழையில் நிரம்பிய தொட்டி இரண்டாம் நாள் வெள்ளத்துக்கு ஒரு சொட்டும் உதவாது. வெள்ளமோ பெரும்பாலும் இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் வருகிறது. இதற்கு எளிய வழி, தொட்டியின் பாதி உயரத்தில் விரல் கனத்தில் ஒரு துளை போட்டு, அதைத் தோட்டத்துக்கு விடுவது. கீழ்ப்பாதி சேமிப்புக்கு. மேல்பாதி மெல்ல வடிந்து அடுத்த மழைக்குக் காலியாகும். கூரையைக் கழுவி வரும் முதல் ஒன்றிரண்டு மி.மீ. மழையைத் தொட்டிக்கு விடாமல் வெளியேற்றினால் நீரும் சுத்தமாக இருக்கும். இருந்தாலும் 100 வீட்டிலும் இப்படி 2,000 லிட்டர் தொட்டி வைத்தால் மேல்பாதிகள் எல்லாம் சேர்ந்து 1 லட்சம் லிட்டர்தான். நமக்குத் தேவை 10 லட்சம். துணைக்கு நல்லது, அதை மட்டும் நம்பக்கூடாது.

உறிஞ்சு குழி வெட்டுவதற்கு முன்பு மண்ணைச் சோதியுங்கள். குழி தோண்டி, ஒருமுறை தண்ணீர் நிரப்பி மண்ணை நன்றாக ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று குறியுங்கள். மணற்பாங்காக இருந்தால் சடசடவென்று இறங்கும். வயல் மண் பெரும்பாலும் களி, மணிக்கு ஒரு சில மி.மீ. இறங்கினால் பெரிய விஷயம். அப்படியானால் குழிக்குச் செலவழிக்க வேண்டாம். மழைக்காலத்து நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியை எட்டினாலும் அது உறிஞ்சாது. குழி வெட்டினால் அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி வெட்டுங்கள், கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம். பேவர் பிளாக் போட்டால் தண்ணீர் இறங்கும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிமென்ட் கலவை மேல் பதித்த சாதாரண பேவர் பிளாக்கும் கான்கிரீட் தரையும் ஒன்றுதான். இடைவெளி விட்ட கல்லும் அடியில் தூள் இல்லாத ஜல்லி அடுக்கும் இருந்தால்தான் இறங்கும். அதையும் அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

கடைசியாக உங்கள் மனை. 200 சதுர மீட்டர் மனையை ஒன்றரை அடி உயர்த்தினால், அங்கே நின்றிருக்கக்கூடிய 90,000 லிட்டர் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளுகிறீர்கள். அவரும் உயர்த்துவார். ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் உயர்த்தியதால்தான் உங்களுக்கு வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மண்ணை விடுங்கள், வீட்டைக் காப்போம். இதுவரை பார்த்த அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேலே மின்பலகையையும் மோட்டார் ஸ்விட்சையும் ஏற்றுங்கள், இதை இந்த வாரமே செய்யலாம். கழிவறைக் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். வாசல்களுக்குக் கழற்றி மாட்டும் தடுப்புப் பலகை செய்துகொள்ளுங்கள், ஆனால் இரண்டடிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் வெளியே தண்ணீரைத் தடுத்து நிறுத்தினால் அதன் அழுத்தமே சுவரைத் தள்ளும். அந்த உயரத்தில் தண்ணீரை உள்ளே விட்டுவிடுவதே வீட்டுக்கு நல்லது. இனி கட்டப்போகும் 40 வீடுகளுக்கு, மனையை நிரப்பாமல் வீட்டின் தரையை மட்டும் உயர்த்திக் கட்டச் சொல்லிச் சங்கத்தில் தீர்மானம் போடுங்கள். மூலை மனைகளில் மதில் சுவரின் அடியில் தண்ணீர் போக வழி விடச் சொல்லுங்கள். கம்பி வேலியாக இருந்தால் இன்னும் நல்லது. முழங்கால் தண்ணீர்தானே என்று ஓடும் நீரில் வண்டி ஓட்ட வேண்டாம். ஓர் அடி ஆழ ஓட்டமே சிறிய காரை நகர்த்திவிடும்.

சங்கத்தை அடுத்த முறை கூட்டும் முன் இதைச் செய்யுங்கள். கொத்தனாரிடம் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) இருக்கும், அல்லது ஒரு சர்வேயரை ஒரு நாள் கூப்பிடுங்கள். சாலையின் ஒவ்வொரு முனையிலும், வடிகாலின் தரையிலும், திடலிலும், உங்கள் வாசலிலும், வடிகால் போய்ச் சேரும் இடத்திலும் மட்டம் எடுத்து ஒரே தாளில் குறியுங்கள். அடுத்த மழையில் மின்கம்பங்களில் தண்ணீர் எட்டிய உயரத்தைப் பெயின்டால் கோடு போட்டு, நேரத்தோடு படம் எடுத்து வையுங்கள். அந்த நிலம் வயலாக இருந்த காலத்தில் உழுதவர் யாராவது பக்கத்தில் இருந்தால், தண்ணீர் எந்த மடையில் நுழைந்து எந்த மடையில் வெளியேறும் என்று கேளுங்கள். வெளியேறிய மடை இருந்த இடத்தில் இப்போது யாருடைய மதில் நிற்கிறது என்பது தெரிந்ததும், அந்தத் தாளோடு எனக்கு எழுதுங்கள்.